பிரிபடாத பாகம்

ஆரத்தி கரைக்கும்போது ஒரு சின்ன வேதியியல் சோதனை நடந்துவிடுகிறது. மஞ்சள் தண்ணீரில் விரல்நுனி அளவு சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு முழுக்கச் சிவந்துவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தைக் கண்டால் நிறம் மாறும், சுண்ணாம்போ கடுங்காரம். பால் காய்ச்சிக் குடிபுகும் நாளில் வாசலில் நிற்பவர்களுக்கு எடுக்கும் இந்த ஆரத்தியை, வீட்டுக்கு 40 வயதாகும்போது பொறியாளர் ஒருவர் வந்து தூணுக்கு எடுப்பார். தூணின் ஓரத்தை உளியால் கொஞ்சம் பெயர்த்து, தூசியைத் தட்டிவிட்டு, பினாப்தலீன் கரைசலைப் பீய்ச்சுவார். பெயர்த்த முகம் ரோஜா நிறமானால் கான்கிரீட்டில் காரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளி ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டால், அந்த அகலத்துக்குக் காரம் செத்துவிட்டது. ஸ்கேலை வைத்து அந்தப் பட்டையை அளந்து, 12 மி.மீ., 18 மி.மீ. என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்து அவர் அளப்பது, மேற்பரப்பிலிருந்து எத்தனை மி.மீ. உள்ளே கம்பி கிடக்கிறது என்பதை. இரண்டு எண்களில் எது பெரியது என்பதில்தான் அந்தக் கட்டடத்தின் ஆயுள் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் அடுக்குமாடிக் குடியிருப்பு இன்னும் புதுப் பழக்கம்தான். ஒரே சுற்றுச்சுவருக்குள் பல குடும்பங்கள் வாழ்வது மட்டும் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. அதற்கு வளவு என்று பெயர். நடுவில் முற்றம், பொதுவாக ஒரு கிணறு, இரண்டு பக்கமும் வரிசை வீடுகள். கிணற்றடியில் யார் எப்போது துவைப்பது, முற்றத்தில் யார் எப்போது வற்றல் காயப்போடுவது என்று எங்கும் எழுதாத சட்டங்கள் உண்டு. மீறினால் சண்டை வரும், சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். வளவில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகினால் அந்த வீடுதான் நனையும். அடுக்குமாடியில் கதை வேறு. மூன்றாம் மாடிக் குளியலறையில் ஒரு குழாய் கசிந்தால் இரண்டாம் மாடிக்காரரின் சீலிங் உரிகிறது. மொட்டைமாடியில் (எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது தட்டட்டி) தண்ணீர் தேங்கினால் நாலாம் மாடிக்காரர் வாளி வைக்கிறார். தரைத்தளத்துத் தூணில் விரிசல் விட்டால் எல்லோரும் ஓட வேண்டியதுதான்.

அடுக்குமாடி வீட்டுக் கிரையப் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்றொரு சொல் வரும். நிலத்தில் உங்களுக்கு இத்தனை சதுர அடி பங்கு உண்டு, ஆனால் அது எந்த மூலை என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது என்பது அதன் பொருள். பத்திர எழுத்தர் நிலத்துக்காக எழுதிய சொல் இது. கட்டடத்தின் வேதியியலையும் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லும் இன்னொரு சொல்லை நான் பார்த்ததில்லை. பழைய கட்டடங்களின் சங்கங்கள் மாடிப்படிச் சுவரில் ஒட்டிவைக்கும் விதிகளை, செயலாளரின் கெடுபிடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாத்ரூமில் ஆசிட் ஊற்றாதே, தூணில் துளை போடாதே, கேட்காமல் மாடியில் டேங்க் வைக்காதே. இவற்றில் பாதி கான்கிரீட் போட்ட விதிகள். செயலாளர் எடுத்து எழுதியவர் மட்டுமே.

இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்திருப்பதை விளக்க எங்கள் ஊர்க்காரனுக்கு வெளியே போய் உவமை தேட வேண்டியதில்லை. சங்கரநாராயணர் சன்னிதியில் ஒரே உடம்பில் வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் திருமால். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் முறிந்துவிடும். அதன் இழுவைத் தாங்குதிறன் அழுத்தத் தாங்குதிறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இரும்போ இழுவைக்கு அசராது, ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் துருப்பிடிக்கும். ஒரு உத்திரத்தின் மேல் பாரம் ஏறினால் அதன் மேல்பகுதி நசுங்கப் பார்க்கும், அடிப்பகுதி விரியப் பார்க்கும். அதனால்தான் கம்பி கட்டுகிறவர் தடித்த கம்பிகளை அடியில் போடுகிறார். பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் பிடிமானமுள்ள தளத்தில் இது தலைகீழாகும். அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிப்போன பால்கனிகள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இரும்பும் கான்கிரீட்டும் ஒத்துவாழ்வதற்கு இயற்கை கொடுத்த வரங்கள் இரண்டு உண்டு. வெயிலில் ஒரு டிகிரிக்கு கான்கிரீட் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கு விரிகிறது. இரும்பு சுமார் 12 பங்கு. இவ்வளவு நெருக்கமாக இல்லாதிருந்தால் பங்குனி வெயில் ஒன்றே போதும், கம்பி கான்கிரீட்டிலிருந்து கழன்றுகொண்டிருக்கும். இரண்டாவது வரம் காரம். அதற்குத்தான் பினாப்தலீன்.

ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். கான்கிரீட்டுக்குள் கம்பியை வைத்துப் பூந்தொட்டி செய்து 1867இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் மோனியே பாரிஸ்காரர், தொழில் தோட்டக்காரர். நம் பக்கத்துக்குச் சிமென்ட் தாராளமாக வந்தது திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949இல் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியதும்தான். 1960களின் தொடக்கத்தில் விருதுநகர்ப் பக்கம் மெட்ராஸ் சிமென்ட்ஸும் வந்தது. இரண்டு ஆலைகளுக்கும் நடுவில் கிடந்த எங்கள் ஊரில், காரை வீடு கட்டிய கைகளே அடுத்த தலைமுறையில் கான்கிரீட் தளம் போட்டன. கை ஒன்று, பொருள் வேறு. பழைய கட்டடங்களின் பாதிக் குறைகள் அங்கே பிறந்தவை.

காரை என்பது சுண்ணாம்பும் மணலும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடும். அதை நீற்றிக் குழைத்துச் சுவரில் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகும். சங்கரன்கோவில் ராஜகோபுரத்தின் ஒன்பது நிலைகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும் சுதைக்கு வயது ஏற ஏற வலு ஏறியது இப்படித்தான். காரைக்குக் கரியமிலவாயு சாப்பாடு.

கான்கிரீட்டில் நடப்பது வேறு. சிமென்ட் காற்றைச் சாப்பிட்டு இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையில் உபரியாக நீற்றிய சுண்ணாம்பு பிறக்கிறது. இறுகிய சிமென்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். அதனால் புதுக் கான்கிரீட்டுக்குள் பி.எச். அளவு 12.5க்கும் மேலே இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு அதிகமானால் நாக்கு வெந்துபோகிறதே, அந்தக் காரம். இந்தக் காரக் குளியலில் கிடக்கும் வரை இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கம்பிக்கு அது கவசம். கவசம் இருக்கும்வரை துரு நெருங்காது.

காற்றிலுள்ள கரியமிலவாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே நுழைந்து, இந்தச் சுண்ணாம்பைச் சாப்பிட்டு, சுண்ணாம்புக்கல்லாக மாற்றிவிடும். அப்படி மாறிய இடத்தில் பி.எச். 9க்குக் கீழே வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் கான்கிரீட் பலவீனமாவதில்லை. மேற்பரப்பு முன்பைவிடச் சற்றுக் கடினமாகவே ஆகும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று இருக்கும். கெடுவது கம்பியின் கவசம் மட்டும். காரை வீட்டை வளர்த்த அதே வாயு கம்பி போட்ட வீட்டைக் கெடுக்கிறது. ‘பழைய கட்டடம், கல்லு மாதிரி இருக்கு’ என்று தூணைத் தட்டிச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல் மாதிரி ஆனதுதான் தொல்லை.

இந்த நுழைவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். உதாரணத்துக்கு, ஒரு கான்கிரீட்டில் முதல் 4 ஆண்டில் 5 மி.மீ. நுழைந்ததென்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. நுழைய 8 ஆண்டு அல்ல, 16 ஆண்டு ஆகும். 15 மி.மீ.க்கு 36 ஆண்டு. 20 மி.மீ.க்கு 64 ஆண்டு. உள்ளே போகப் போக வாயு கடக்க வேண்டிய வழி நீள்வதால் வேகம் குறைகிறது. இதைத் திருப்பிப் படித்தால்தான் திடுக்கிடும். கம்பிக்கு வெளியே 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ. மட்டும் இருந்தால், ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடும். அந்த 10 மி.மீ. என்பது நம் சுண்டுவிரல் பருமன் கூட இல்லை.

கம்பிக்கு வெளியே இருக்கும் இந்தத் தடிமனைக் கொத்தனார்களும் ‘கவர்’ என்றுதான் சொல்கிறார்கள். 1978இல் வந்த இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456) வீட்டுத் தளத்துக்கு 15 மி.மீ. கவர் போதும் என்றது; கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-15 தரத்தையும் அனுமதித்தது. சட்டிக் கணக்கில் சொன்னால் ஒன்றுக்கு இரண்டு, நாலு: ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குறைந்தபட்சத் தரம் எம்-20 ஆனது. கடுமை மிகக் குறைந்த சூழலுக்கே கவர் 20 மி.மீ., கடற்கரை போன்ற கடுமையான இடங்களில் 45 மி.மீ.யும் அதற்கு மேலும் என்று உயர்ந்தது. ஆகவே 1980களிலும் 90களிலும் எழுந்த அடுக்குமாடிகளைப் பற்றி ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். விதிப்படியே கட்டியிருந்தாலும், அவை இன்றைய விதியின் கண்ணுக்கு மெல்லிய சட்டை போட்டவை.

விதிப்படி கட்டினார்களா என்பது அடுத்த கேள்வி. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு எம்-15 கலவையில் 32 லிட்டர் தண்ணீர் உச்சவரம்பு. சிமென்டின் வினைக்குத் தேவைப்படுவது 20 லிட்டர்தான். மீதி, கலவை இளகி ஓடுவதற்காக. கையால் கலந்து, சித்தாள் தலைச்சுமையாக ஏற்றி, மூன்றாம் மாடியில் கொட்டிய காலத்தில் கலவை இறுகிப்போனால் யார் தள்ளுவது? இன்னொரு வாளி ஊற்றுவார்கள். அந்த அதிகத் தண்ணீர் பின்னாளில் காய்ந்து வெளியேறும்போது விட்டுச்செல்லும் நுண்குழாய்கள்தாம் கரியமிலவாயுவின் ராஜபாட்டை. கவருக்காகக் கம்பிக்கு அடியில் வைக்க இப்போது போல வார்த்த கட்டைகள் அன்று எல்லா இடத்திலும் கிடையாது. ஜல்லிக் கல்லையே வைத்து ஒப்பேற்றினார்கள். ஒரு மிதி மிதித்தால் கல் நகர்ந்து, கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். இன்று சில பழைய சீலிங்குகளில் கம்பியின் வரிசை துருக்கோடாகப் பூச்சின் மேலேயே தெரிவது அன்று நகர்ந்த ஜல்லியால்தான்.

பழையதற்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் காலச் சிமென்ட் சற்றுக் கரகரப்பாக அரைபட்டது, மெதுவாக இறுகியது, ஆண்டுக்கணக்கில் வலுவேறிக்கொண்டே வந்தது. மணலும் நல்ல ஆற்று மணல். கவனமாகத் தண்ணீர் விட்டு ஆற்றிய கட்டடங்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்பதும் சரியில்லை, பழையதெல்லாம் இடிக்கத்தக்கது என்பதும் சரியில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கவசம் போன மறுநாளே கம்பி துருப்பிடித்துவிடாது. துருவுக்குக் காற்றும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். காற்றைத் தடுக்க வழியில்லை. தண்ணீரைத் தடுக்கலாம். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பகுதி வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிறது. வறண்ட கான்கிரீட்டில் காரம் செத்த பிறகும் கம்பி பல காலம் துருவேறாமல் கிடக்கும். ஆனால் அதே கட்டடத்தில் குளியலறைக்கு அடியிலும், டேங்குக்கு அடியிலும், மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையிலும் மட்டும் எப்போதும் ஐப்பசி மாதம். ஊர் வறண்டிருந்தாலும் ஓதம் ஏறிய அந்த நாலு சதுர அடிக்கு வறட்சி தெரியாது. பழைய கட்டடங்கள் முழுதாக ஒரே சீராகக் கெடுவதில்லை; இப்படி மூலைகளில் கெடுகின்றன. கரிசல் மண்ணில் நிற்கும் வீடுகள் ஈரத்துக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணோடு மல்லுக்கட்டுவது தனிக்கதை.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். கல்லுக்குள் விதை முளைப்பது போல உள்ளிருந்து நெம்பும். முதலில் கம்பியின் நீளவாக்கில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு தட்டினால் பொள்ளென்ற சத்தம், கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பூச்சுக் கட்டி. தளத்துக்கு அடியிலிருந்து வெள்ளைக் குச்சி போல ஏதாவது தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கசியும் தண்ணீர் உள்ளிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்து, வெளிக்காற்றிலுள்ள கரியமிலவாயு பட்டதும் கல்லாக உறைந்து நிற்கிறது. குகைகளில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெயின்ட் அடித்து அதை மறைப்பது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுவது.

பூச்சு வேலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமென்ட் குழைத்து அடைத்துவிட்டுப் போகும் பழக்கம் எங்கும் உண்டு. இரண்டு வருடத்தில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகப் பெயரும். சிமென்ட் மோசம் என்று திட்டுவார்கள். உண்மையில் துரு என்பது மின்வேதியியல்: ஒரே கம்பியில் ஓர் இடம் கரைகிறது, கரையும் அந்த இடமே பக்கத்து இடத்தைக் காத்துக்கொண்டும் இருக்கிறது. கரைந்த இடத்தைப் புதுச் சிமென்டால் மூடியதும் அங்கே கரைவது நின்றுபோகிறது. அதனால் பக்கத்து இடத்துக்கு இருந்த காவலும் போய்விடுகிறது. இனி கரைய வேண்டிய முறை அதனுடையது. ஆகவே கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாகச் சுரண்டி, கம்பிக்குக் காப்புப்பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். அதற்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். ஒட்டுப்போட வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

கரியமிலவாயுவைவிடப் பொல்லாதது உப்பு. குளோரைடு, காரம் இருக்கும்போதே கவசத்தைத் துளைத்துவிடும். கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக்கூடாதென்று தர விதி சொல்கிறது. ‘வாயில் வைக்க முடியாத கிணற்றுத் தண்ணீர் கட்டடத்துக்கு ஆகும்’ என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு, அது ஆகாது. குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடியின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஐ.ஐ.டி. டெல்லியின் ஆய்வில் அந்தக் கான்கிரீட்டுக்குள்ளேயே குளோரைடு இருந்தது தெரியவந்தது. பழைய கட்டடம் கூட இல்லை அது.

அதற்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்பு, 2021 டிசம்பர் 27 அன்று, சென்னை திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் மண்ணாயின. கட்டியது 1993இல். ஒரு உயிர் கூடப் போகவில்லை. அதிகாரிகளோ கருவிகளோ அல்ல, விரிசலைக் கண்டு, சத்தத்தைக் கேட்டு, ஒருவரையொருவர் கூப்பிட்டு வெளியே வந்த குடியிருப்பவர்களே காரணம். அதே ஆண்டு ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில் 1981இல் கட்டிய 12 மாடிக் கட்டடம் ஒன்றின் பெரும்பகுதி சரிந்து 98 பேர் மாண்டார்கள். அங்கே எச்சரிக்கை இல்லாமலில்லை. 2018லேயே பொறியாளர் ஒருவர், நீச்சல்குளத்துத் தளத்தில் தண்ணீர் வடிய வழியில்லாமல் அடிக் கான்கிரீட் கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். செலவை யார் ஏற்பது, எப்போது தொடங்குவது என்ற பேச்சிலேயே மூன்று வருடம் போனது. அந்தத் தளத்தின் வடிவமைப்பிலேயே வலுக்குறைவு இருந்ததென்று பின்னர் அரசு நிறுவனம் நடத்திய விசாரணை சொன்னது. பழியை ஈரத்தின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. ஆனால் சங்கக் கூட்டங்களில் நடந்த அந்த இழுபறியைப் படித்தபோது, எந்த நாட்டுக் கூட்டம் இது, நம் ஊர்க் கூட்டமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மறு ஆண்டே ஃபுளோரிடா சட்டம் கொண்டுவந்தது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகள் 30 வயதில் கட்டாயமாகப் பரிசோதிக்கப்பட வேண்டும்.

இனி அந்த மாடிப்படிச் சுவரின் விதிகளுக்கு வருவோம். ஆசிட் கூடாது என்கிற விதி அந்தப் பட்டியலில் மிகப் புத்திசாலித்தனமானது. குளியலறைக் கறைக்கு நாம் ஊற்றும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கி, முதலில் சுண்ணாம்பைத் தின்று காரத்தைக் கொல்கிறது. தின்ற பிறகு எஞ்சுவது கால்சியம் குளோரைடு, அதாவது உப்பு. கம்பியின் இரண்டு எதிரிகளும் ஒரே பாட்டிலில். வாரம் ஒரு முறை மேல்வீட்டில் நடக்கும் இந்த அபிஷேகத்தின் பிரசாதம் கீழ்வீட்டுச் சீலிங்குக்குத்தான்.

டேங்க் விதியும் கணக்குதான். வீட்டுத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழங்குசுமைக்கும், மொட்டைமாடியை 150 கிலோவுக்கும் வடிவமைப்பது தர விதியின் வழக்கம். 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் நிறைந்தால் ஒரு டன். அது உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குள். சுமை ஆறு ஏழு மடங்கு. உத்திரத்துக்கு மேலே வைத்தால் கட்டடம் தாங்கும். நடுத்தளத்தில் வைத்தால் தளம் தொய்யும். வைக்கும் இடத்தைச் சங்கத்திடம் கேட்டு வை என்பது இதனால்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசைத்தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும் எந்திரம். தரையில் பதித்த தறியின் அடியை மண் வாங்கிக்கொள்ளும். மாடியில் வைத்த தறியின் அடியைத் தளமும் அதன் விரிசல்களும்தான் வாங்க வேண்டும். குடியிருப்புத் தளம் அதற்காகப் போட்டதல்ல. மாவு விற்பதற்கு வைக்கும் பெரிய கிரைண்டரும் அந்த இனம்தான்.

சுவரை உடைத்து ஹாலைப் பெரிதாக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்கள் கட்டடம் தூண்களில் நிற்கிறதா, சுவர்களில் நிற்கிறதா என்பதை. மூன்று நாலு மாடிப் பழைய குடியிருப்புகள் பலவற்றில் 9 அங்குலச் செங்கல் சுவரே பாரம் சுமக்கிறது. அங்கே ஒரு சுவர் என்பது மேலிருக்கும் அத்தனை வீடுகளின் கால். உங்கள் வீட்டுக்குள் இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. சன்ஷேடில் பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றும் அப்படித்தான். அது யாருக்கும் சொந்தமில்லை என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், வேர் எல்லோருக்குமாக இறங்கும். வெட்டினால் தழைக்கும். வேரோடு எடுத்து, துளையை அடைத்தால்தான் தீரும்.

மொட்டைமாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டு, தட்டோடு பதித்த பழைய முறையைப் பாரம் என்று சொல்லிப் பெயர்த்து எறிகிறார்கள். அவசரப்பட வேண்டாம். விடியலுக்கும் மதியத்துக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசம் ஏறினால் 10 மீட்டர் நீளத் தளம் 3 மி.மீ. நீளும், இரவில் சுருங்கும். மேல்மாடிச் சுவர்களில் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும் விரிசல் இந்தத் தினசரி இழுப்பின் கையெழுத்து. சுருக்கி அந்த வெயிலைத் தான் வாங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் இதையெல்லாம் எவ்வளவு தொடுகிறது? 2016இன் மனைவணிகச் சட்டப்படி கட்டமைப்புக் குறைகளுக்குக் கட்டியவர் 5 ஆண்டு பொறுப்பு. நம் வர்க்கமூலக் கணக்கில் 5 ஆண்டு என்பது 6 மி.மீ. கூட இல்லை, கரியமிலவாயு தன் வேலையை முடிக்கும்போது கட்டியவரின் பொறுப்பு எப்போதோ முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் 1994இன் அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருந்த காலத்தில், கிழண்டுபோன கட்டடத்தை இடித்துக் கட்ட நடைமுறையில் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டியிருந்தது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலோ, ஒரு வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தாலோ மொத்தமும் நின்றுவிடும். 2022இல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. நல்ல மாற்றம். ஆனால் இடிப்பதற்கு வழி சொல்லும் அளவுக்குப் பராமரிப்பதற்கு நம் சட்டம் இன்னும் வாய் திறக்கவில்லை. 30 வயதில் பரிசோதனை என்று ஒரு வரி இங்கேயும் வர வேண்டும். அதுவரை சங்கத்தின் பொதுக்குழுவே அந்த வரியை எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பழைய அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறவர்கள் தாய்ப்பத்திரம் பார்க்கிறார்கள், வில்லங்கம் போடுகிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள். மாடிப்படிக்கு அடிப்பக்கம் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. பூச்சு மெல்லியதாக, பெயின்ட் அடிக்கப்படாமல், யாரும் அலங்கரிக்காமல் விட்ட இடம் அதுதான்; கட்டடம் அங்கே பொய் சொல்லாது. நீங்கள் ஏற்கெனவே அப்படி ஒரு கட்டடத்தில் இருக்கிறவர் என்றால், ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியின் அடி, டேங்க்கின் அடி, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே உங்கள் சீலிங், மூன்றையும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு வெளியேயும் தட்டிப் பாருங்கள். சத்தம் வட்டத்தைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூலியை எல்லா வீடும் பங்கு போட்டுக் கொடுக்கட்டும்.